ஒரு முறம் தவிடு

சாமி நேரில் வந்து நின்றால் மனிதர்கள் மயங்கி விழுவார்கள் என்று சொல்கிறவர்கள் செங்காட்டுப்புதூர்த் தறிக்காரர்களை அறியாதவர்கள். ஆடிக்காற்று தெருப்புழுதியைச் சுருட்டி எறிந்துகொண்டிருந்த ஒரு உச்சிவேளையில், வாய்க்கால் கரையில் கல்லாக நட்டு வைத்துக் கும்பிட்டு வந்த ஏழு கன்னிமாரும், முழங்கால் உயரப் பெண்பிள்ளைகளாக, வெங்காயச் சருகு போன்ற இறக்கைகளை முதுகில் மடித்துக்கொண்டு, ஈரத் தலையிலிருந்து சொட்டும் தண்ணீர் மண்ணை நனைக்காமல், மூத்தவள் முன்னும் கடைக்குட்டி பின்னுமாக வரிசை பிசகாமல் நடந்து வந்து மயிலாத்தாள் வீட்டு வாசலில் நின்றபோது, தெருவில் ஒருவரும் மயங்கி விழவில்லை. நாய்கள் குரைக்கவில்லை. தறிகள் நிற்கவில்லை. அந்தத் தெருவுக்குப் பெரியவராக இருந்த எதிர்வீட்டுக் கிட்டுசாமி மட்டும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க தாயி, வேகாத வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

மூத்த கன்னி மோர் வேண்டாம் என்றாள். "எங்க புள்ளயக் கூட்டிட்டுப் போக வந்தோம்," என்றாள்.

எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. மயிலாத்தாளுக்கும் அவள் புருஷன் திருமூர்த்திக்கும் முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும், அந்தப் பக்கத்தில் பிள்ளை தங்காத எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள்: பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றாள். வாய்க்கால் கரையில் ஏழு கல்லுக்கு முன்னால் குழந்தையை முறத்தில் கிடத்தி, கன்னிமார் சார்பில் பூசாரி ஒரு முறம் தவிட்டை அவள் மடியில் கொட்டி, "இது எங்க புள்ள, எங்களுக்காக வளத்துக் குடு," என்று சொல்லிக் குழந்தையைத் திரும்ப அவள் கையில் கொடுத்தார். பூசாரியிடம் ஏது தவிடு, அதையும் அவள்தான் வீட்டிலிருந்து கொண்டு போயிருந்தாள். பிள்ளை இவர்களுடையது இல்லை, வேறு யாருடையதோ என்று நினைத்து எமன் வாசலோடு போய்விடுவான் என்பது கணக்கு. எமனை ஏமாற்றுகிற அவசரத்தில், அந்த ஏழு கல்லும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் நவீனா, தெருவில் பெயர் தவுடு.

"ஐயோ தாயி, அது சும்மா சாங்கியத்துக்குச் செஞ்சதுங்க," என்றாள் மயிலாத்தாள்.

"தவுடு நெசமாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாள் மூத்த கன்னி.

மூத்தவள் கோபப்படவில்லை. வாங்கின பிள்ளை என்றுதான் தொட்டிலுக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து காவல் இருந்தோம், வாங்கின பிள்ளை என்றுதான் அவள் கிணற்றை எட்டிப் பார்த்த அன்று பாவாடையைப் பிடித்து இழுத்தோம் என்று, கடைக்காரன் கொடுத்த சாமானைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். அப்புறம் நியாயத்தையும் அவளே சொன்னாள். விற்றவளுக்குத் திரும்ப வாங்குகிற பாத்தியம் உண்டு. வேறு யாரும் வாங்க முடியாது. உச்சிவேளையில் ஒரு முறம் தவிட்டை எங்கள் கையில் கொடுத்து, வாய்திறந்து 'வாங்கிக்கிட்டேன்' என்று சொன்னால் போதும், நாங்கள் வந்த வழியே போய்விடுவோம். ஆனால் பிள்ளையின் கடைசிப் பால்பல் விழுகிற அன்று உச்சி தாண்டிவிட்டால் பிள்ளை எங்களுடையது. அதுவரை இங்கேயே காத்திருப்போம்.

ஒரு முறம் தவிடு! மாட்டுக்கு வைக்கிற தவிடு. மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தே விட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாளாக இருக்கிறது, அன்றைக்கே வாங்கிவிடுகிறேன் என்று சொன்னாள். கன்னிமார் தலையாட்டிவிட்டு, அவள் வீட்டுத் தறிக்குடோனுக்குள் பறந்துபோய், தறிகளுக்கு மேலே ஓடிய உத்தரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் வரை அந்தக் குடோனில் ஒரு இழைகூட அறவில்லை.

விசைத்தறி ஓட்டாதவர்களுக்கு இது புரியாது. நூல் அறுவதும் தறியை நிறுத்துவதும் முடிச்சுப் போடுவதும் மறுபடி ஓட்டுவதும்தான் தறிக்காரன் பிழைப்பு. பிறந்ததிலிருந்து அதையே செய்த திருமூர்த்தி, அன்று முழுக்க விரலை நீட்டிக்கொண்டு அறுபடப்போகும் இழைக்காகக் காத்து நின்று, காத்து நின்று, கடைசியில் பயந்துபோய் வெளியே வந்து பீடி பற்றவைத்தார். மறுநாள் பக்கத்துக் குடோனிலும் நூல் அறவில்லை. அதற்கடுத்த நாள் தெரு முழுவதும். வெள்ளிக்கிழமை காலையில் மயிலாத்தாள் தலைக்குக் குளித்து முறத்தில் தவிட்டை அள்ளும்போது கிட்டுசாமி தெருவின் பெரிய தலைகளோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"நல்ல காரியந்தான் அம்மிணி, யாரு வேண்டாங்கறா?" என்றார். "ஆனா கொஞ்சம் ரோசன பண்ணு. இன்னைக்கே வாங்கிப்போட்டீன்னா அவிய இன்னைக்கே போயிருவாங்க. புள்ளைக்கு இன்னும் வாய் நெறையப் பால்பல்லு கெடக்குது. கடேசிப் பல்லு ஆடட்டும், அன்னைக்கு வாங்கிக்குவ. தவுடு எங்க ஓடியா போகுது?"

"சாமி விசயமுங்க மாமா."

"யாவாரி காத்திருக்க மாட்டான். சாமி காத்திருக்கும்."

மயிலாத்தாள் கெட்டவள் இல்லை என்று இங்கே நான் சொல்லியாக வேண்டும், எனக்கு அதைச் சொல்ல மனம் வராவிட்டாலும். அவள் வீட்டுக் கூரை ஒழுகியது. கிட்டுசாமி சொன்னதில் தப்பும் இல்லை. சாமிக்குத் தவணை சொல்லிப் பழகிய ஊர் அது. நேர்ந்துகொண்டதைச் செய்ய இப்போது தோதில்லை என்றால், மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டு, அப்புறம் செய்கிறேன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சாமியும் பொறுத்துக்கொள்ளும். மயிலாத்தாளும் மஞ்சள் துணியில் ஒரு சிட்டிகைத் தவிட்டை முடிந்து உத்தரத்தில் கட்டினாள். கன்னிமார் ஏழு பேரும் அதைக் குனிந்து பார்த்தார்கள். அது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்ததா தெரியவில்லை.

ஓர் அதிசயம் ஊருக்குப் பழகிப்போக இரண்டு சந்தை கூடிக் கலைந்தால் போதும். கன்னிமார் முகர்ந்த சோற்றில் உப்புச்சுவை போய்விடும் என்று கண்டுபிடித்த பெண்கள், அவர்கள் இருக்கிற பக்கம் பரிமாறும்போது கூடக் கொஞ்சம் உப்பைத் தூவப் பழகினார்கள். வெட்டுத்துணியில் அவர்களுக்குப் பாவாடை தைத்தார்கள். ஆடி நோம்பிக்குக் கைக்குழந்தை வளையலாகத் தேடி வாங்கிப் போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டருக்கும் ஊர்க்காரர்களுக்கும் சண்டை வந்து, முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்தால் டிக்கெட் கிடையாது, அவர்கள் பறந்து வந்தால் கேள்வியே கிடையாது என்று முடிவானது. அறாத நூலில் நெய்த துணிக்குக் கன்னிமார் ரகம் என்று பெயர் ஏற்பட்டு, அதைத் தடவிப் பார்க்கவே ஈரோட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஓட்டு வீடுகள் காங்கிரீட் கூரை போட்ட தார்சு வீடுகளாயின. மயிலாத்தாள் வீட்டுக் கூரையும் ஒழுகுவது நின்றது. நின்ற பிறகு அவள் இன்னும் நாலு தறி போட ஆசைப்பட்டாள்.

நவீனாவுக்கு அதுதான் வாழ்க்கையிலேயே நல்ல காலம். கடைக்குட்டிக் கன்னி அவள் புத்தகப்பையின் மேல் உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடம் வரும். வழியெல்லாம் தங்கள் ஊர்க் கதையைச் சொல்லும். மூன்றாவது கல்லுக்குப் பின்னால் ஒரு வேர் படிக்கட்டாக இறங்குகிறது. இறங்கினால் ஓர் ஆறு, அங்கே மழை ஆற்றிலிருந்து மேலே பார்த்துப் பெய்யும். மீன்கள் பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மரம் ஏறும். நாவல்பழத்தைக் கடித்தால் கடித்த இடம் மறுபடி முளைத்துக்கொள்ளும். விளையாடுகிற பிள்ளையை 'நேரமாச்சு, வா' என்று கூப்பிட அங்கே ஆளே கிடையாது. கேட்கக் கேட்க நவீனாவுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது.

"அங்க வந்தா எங்கம்மா கூப்புட்டா காது கேக்குமா?" என்று கேட்டாள்.

"அம்மான்னா என்ன?" என்றது கடைக்குட்டி.

நவீனா விளக்கினாள். சோறு போடுவாங்க, தலை சீவி விடுவாங்க, காச்சல் வந்தா பக்கத்துல படுத்துக்குவாங்க என்றாள். கடைக்குட்டி கவனமாகக் கேட்டுவிட்டு, அங்கே வந்து ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டதும் அதெல்லாம் போய்விடும், வலிக்காது என்று ஆறுதல் சொன்னது. அன்று சாயங்காலம் நவீனா தறிக்குடோனுக்கு ஓடி, ஓடுகிற தறிச்சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டாள்: "அம்மா, என்னைய எப்பம்மா வாங்குவே?"

"வாங்கறேன் கண்ணு. இந்தப் பாவு முடியட்டும்."

தறியில் ஏற்றிய நூல் பாவு நெய்து முடிந்தது. அடுத்த பாவு ஏறியது. தீபாவளிச் சரக்கு போகட்டும் என்றாள், பிறகு பொங்கல் கழியட்டும் என்றாள். ஒவ்வொரு முறையும் ஒரு மஞ்சள் முடிச்சு ஏற, உத்தரம் மஞ்சள் கொத்தாகத் தொங்கியது. நவீனா கேட்பதை விடவில்லை. தலை பின்னும்போது கேட்டாள், சோற்றைப் பிசையும்போது கேட்டாள். தானே முறத்தில் தவிட்டை அள்ளிக்கொண்டு உத்தரத்தடியில் போய் நின்று, "என்னைய நானே வாங்கிக்கறனுங்க," என்றும் சொல்லிப் பார்த்தாள். விற்கப்பட்டவள் வாங்க முடியாது என்று மூத்த கன்னி அன்போடுதான் சொன்னாள். அப்பாவிடம் போனாள். திருமூர்த்தி அவள் தலையைத் தடவி, "அம்மா பாத்துக்குவா சாமி," என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அது.

வருஷம் போகப் போகப் பல் ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசியாகக் கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் மட்டும் நின்றது. அப்போதுதான் தெருவுக்கு நவீனா மேல் பாசம் பொங்கிப் பெருகியது. அந்த வருஷப் பொங்கலுக்கு ஊரெல்லாம் கரும்பு கடிக்க, அவளுக்கு மட்டும் பிழிந்த சாறு வந்தது. முறுக்கைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார்கள். கொய்யாவை விதை நீக்கிக் கொடுத்தார்கள். அவள் ஓடினால் பத்து வாய், "மெல்லப் போ கண்ணு, உழுந்துருவே!" என்று பதறியது. ஊருக்கே தான் செல்லப்பிள்ளை என்று அந்தப் பிள்ளை நம்பியது. யாருக்குத்தான் ஆசை இருக்காது அப்படி நம்ப.

பல் ஆட ஆரம்பித்தது. கிட்டுசாமி காரெடுத்துப் போய்ப் பல் டாக்டர் ஒருவரைக் கூட்டி வந்தார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தானாக விழவேண்டிய பல்தானே, விட்டுவிடுங்கள் என்றார். அவரைத் தனியே அழைத்துப்போய் ஏதோ பேசினார்கள். திரும்பி வந்து அவர் ஒரு மெல்லிய கம்பியால் ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டினார். நவீனா வலியில் உதைத்தாள். அவள் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டாள், காலை ஒருத்தி பிடித்துக்கொண்டாள், தலையை மடியில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டவள் மயிலாத்தாள்.

அன்று நவீனாவுக்கு ஊர் விளங்கிவிட்டது. கம்பி குத்திய ஈறை நாக்கால் தடவிக்கொண்டே, கடைக்குட்டியிடம், "இவிய எம்பட பல்லத்தான் பாத்துக்கறாங்க," என்றாள். ஆனாலும் அம்மாவை அவள் அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. அம்மா பாவம், ஊருக்குப் பயப்படுகிறாள். பல் இருக்கிறவரைக்கும் ஊர் அவளைத் தவணை சொல்ல வைக்கும். பல் விழுந்துவிட்டால் தவணைக்கு இடமேது, அம்மா ஓடி வந்து வாங்கிவிடுவாள், ஊரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி யோசித்து, இதில் ஒரு ஓட்டையும் இல்லை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்தது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அடுப்புச் சாம்பலில் வறுத்த புளியங்கொட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, நிழல் காலடியில் சுருங்குகிற நேரம் பார்த்துக் குடோனின் கதவருகே போய் நின்று, கடைவாயில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தாள். கம்பி தெறித்தது. ரத்தத்தோடு பல் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"அம்மா! பல்லு உழுந்துருச்சு! வா, வந்து வாங்கிக்கோ!" என்று கத்தினாள். அவள் குரலில் பயமே இல்லை, பரிசு வாங்கிய பிள்ளையின் குரலாக இருந்தது.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. செங்காட்டுப்புதூரில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கன்னிமார் உத்தரத்திலிருந்து இறங்கி, முதல் நாள் நின்ற அதே வரிசையில் நின்றார்கள். தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. மயிலாத்தாள் ஓடினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும், அவள் ஓடத்தான் செய்தாள். மாட்டுக்கொட்டகைக்கு ஓடி முறம் நிறையத் தவிட்டை அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள். நவீனா ரத்த வாயோடு சிரித்தாள்.

"வாங்கிக்கறயா?" என்று கேட்டாள் மூத்த கன்னி.

மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கிட்டுசாமி பின்னாலிருந்து, மெதுவாக, கெட்டதே நினைக்காத மனிதர் பேசுகிற குரலில் சொன்னார்: "அம்மிணி, நாளைக்கு லாரி வருது. ஊர்ச் சரக்குப் பூராவுலயும் பாதி தறியில நிக்குது. ஒரே ஒரு நாளைக்குத் தவண கேளு. இத்தன நாள் பொறுத்தவிய, மாட்டேன்னா சொல்லப் போறாங்க?"

மயிலாத்தாள் தறிகளைப் பார்த்தாள். புதிதாகப் போட்ட நாலு தறிகளையும் பார்த்தாள். திருமூர்த்தியைப் பார்த்தாள், அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை முனையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணித் துண்டு முடிந்து வைத்திருப்பாள். அவள் வலது கை அதை அவிழ்த்தது. கை தன்னால் போனது, மனசறிந்து செய்யவில்லை என்று பின்னால் எத்தனையோ பேரிடம் சொல்லி அழுதாள். இருக்கலாம். பழகின கைதானே.

"தாயி," என்றாள், "நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்குங்க. லாரி போனதும் கண்டிப்பா வாங்கிக்கறேன்."

மூத்த கன்னி நவீனாவின் பக்கம் திரும்பினாள். "பல்லு உழுந்த பொறவு தவண குடுக்கறது எங்க கையில இல்ல. உன்ற கையிலதான் இருக்குது. நீ பொறுத்துக்கறயா?"

அத்தனை முகங்களும் நவீனாவைப் பார்த்துக் கெஞ்சின. பிழிந்த கரும்புச் சாறு கொடுத்த முகங்கள், கையையும் காலையும் பிடித்துக்கொண்ட முகங்கள். அவள் அவற்றைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையில் இருந்த மஞ்சள் துணியையே பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த வாய் மெல்ல மூடியது.

"வேண்டாமுங்க," என்றாள். பிறகு, "நீ தறிய ஓட்டும்மா," என்று சொல்லிவிட்டுக் கடைக்குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான், உச்சி தாண்டி நிழல் கிழக்கே சாய்ந்த பிறகு, மயிலாத்தாள் அலறினாள். "வாங்கிக்கிட்டேன்! வாங்கிக்கிட்டேன்! எம்புள்ளய நான் வாங்கிக்கிட்டேன்!" என்று முறத்தோடு தவிட்டை அவர்கள் முன்னால் வீசினாள். தவிடு காற்றில் பறந்து, தலையிலும் தறியிலும் நெய்து முடித்த வெள்ளைத் துணியிலும் படிந்தது. ஒரு துகள்கூடக் கன்னிமார் மேல் விழவில்லை. மூத்தவள் மட்டும் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு வித்தது பொய்யின்னு சொன்னயே தாயி. இன்னைக்கு வித்தது?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அவர்கள் தெருவோடு நடந்தார்கள். ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் நவீனா கொஞ்சம் கொஞ்சமாக உயரம் குறைந்துகொண்டே போனாள். கடைசி வீட்டைத் தாண்டும்போது கடைக்குட்டியும் அவளும் ஒரே உயரம். ஊர்க்காரர்கள் வாசலுக்கு வாசல் கைகூப்பி நின்றார்கள். ஒருத்தி ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டு வந்து காட்டினாள். இன்னொருத்தி, போகிற பிள்ளையிடம், தன் மகளுக்குச் சீக்கிரம் வரன் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் லாரி வந்தது. தவிட்டைத் தட்டிவிட்டுத் துணியை ஏற்றி அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை தெருவின் எல்லாத் தறிகளிலும் வழக்கம்போல நூல் அறத் தொடங்கியது. கொஞ்சநாள் புலம்பினார்கள், அப்புறம் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டார்கள். அடுத்து வந்த ஆடியிலேயே வாய்க்கால் கரையில் எட்டுக் கல்லுக்கும் எட்டு மாலை கட்டினார்கள். பூக்காரி ஏன் எட்டு என்று கேட்கவும் இல்லை.

மயிலாத்தாள் இப்போது தறி ஓட்டுவதில்லை. உச்சிவேளையில் ஒரு முறம் தவிட்டோடு போய் எட்டாவது கல்லின் முன்னால் உட்கார்ந்து, வாங்கிக்கிட்டேன், வாங்கிக்கிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கல்லுக்கு அடியில் எங்கோ தண்ணீர்ச் சத்தம் கேட்கும். அதற்குள்ளிருந்து ஒரு பிள்ளை கலகலவென்று சிரிக்கும். அவள் பெற்ற பிள்ளையின் சிரிப்புத்தான், சந்தேகமில்லை. அவள், "கண்ணு, அம்மா வந்திருக்கேன்," என்று கூப்பிடுவாள். சிரிப்பு ஒரு நொடி நின்று, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மறுபடி விளையாடப் போய்விடும்.